முள்மரத்தடியில் நிற்கும் வண்டி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். எழுத்துப்பிழை இருக்கும். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லுவேன். சில விஷயங்கள் மறந்தும் போய்விட்டன. பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவே கூசுகிறவள் நான். எழுதுவது அதைவிடக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிக்கப் வண்டியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஆளாளுக்குக் கதையை மாற்றிச் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர் ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது பிள்ளைகள் அதற்குக் கண் காது மூக்கு வைத்துச் சொல்கிறார்கள். வண்டியில் ரசப் பாத்திரத்தைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. ஓமானில் சோஹார் என்ற ஊர். அப்போது அங்கே இப்போதிருக்கிற துறைமுகம் எதுவும் கிடையாது. கடல், பேரீச்சந்தோப்பு, ஒரு கோட்டை, ஒரு கடைத்தெரு, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு ஓமானிக்கு டிரைவர். அவரை எல்லாரும் அர்பாப் என்றுதான் கூப்பிடுவார்கள். அர்பாப் என்றால் முதலாளி. விசா கொடுத்தவரும் அவர்தான். வேண்டாம் என்றால் திருப்பி அனுப்புகிறவரும் அவர்தான்.

கலியாணமான மூன்றாம் மாதமே என் வீட்டுக்காரர் கிளம்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை லீவில் வந்தார். நான் மாமியார் வீட்டில் வருஷக்கணக்காக இருந்தேன். அப்போது மலைப்பக்கம் ரோடு போட ஒரு கம்பெனி வந்து கேம்ப் அடித்தது. ஆட்களில் பாதிப் பேர் நம் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம். கேம்ப் மெஸ்ஸில் போடுகிற ரொட்டியும் பருப்பும் அவர்களுக்கு இறங்கவில்லை. அர்பாப் மத்தியானச் சாப்பாட்டை நான் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டார். டிரைவரின் பெண்சாதி சமைப்பாளா என்று கேட்டிருக்கிறார். இவர் யோசிக்காமல் தலையாட்டிவிட்டார். என் விசா, வத்தக்குழம்புக்காகக் கிடைத்த விசா. சாப்பாடு போகிறவரைக்கும் நான் அங்கே இருக்கலாம். சாப்பாடு நின்றால் நான் ஊருக்குப் போக வேண்டியதுதான். அவர் மட்டும் அங்கே இருப்பார். இது எனக்கு வந்த முதல் நாளே தெரியும். சோஹாரில் வந்துதான் அவருடைய குறட்டைச் சத்தமே எனக்குப் பழக்கமானது. அதை விட்டுவிட்டுத் திரும்பவும் மாமியார் வீட்டுக்குப் போக நான் தயாராக இல்லை.

விடிவதற்கு முன்னால் உலை வைப்பேன். சோறு ஒரு அண்டா, சாம்பார் அல்லது வத்தக்குழம்பு ஒரு பெரிய பாத்திரம், ரசம், மோர், ஒரு கூட்டு. எல்லாம் வண்டியின் பின்பக்கம் ஏறும். ரசம் மட்டும் பின்னால் வைத்தால் பாதி கொட்டிப்போகும் என்பதால் முன்னால் என் காலடியில் வரும். பரிமாறுகிறதும் நான்தான். கரண்டி வேறு யார் கையிலாவது இருந்தால் கடைசி வரிசைக்குச் சோறு எட்டாது. கேம்புக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கொஞ்ச தூரம் நல்ல ரோடு, அப்புறம் ஜல்லிப்பாதை, அப்புறம் வறண்ட ஆற்றுப் படுகையை ஒட்டி மலை ஏற்றம். ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஒற்றையாக ஒரு முள்மரம். நம் ஊர்க் கருவேல மரம் மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் ஆயுத பூசை முடிந்த சில நாளிலேயே வண்டி அந்த முள்மரத்தடியில் நின்றது.

திடீரென்று நிற்கவில்லை. முதலில் இருமியது. அப்புறம் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது மாதிரி இழுத்து இழுத்துப் போனது. அப்புறம் அடங்கிவிட்டது. இவர் இறங்கி முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார். அந்த வண்டியில் பெட்ரோல் காட்டுகிற முள் நாங்கள் வருவதற்கு முன்பே செத்துவிட்டது. அதனால் சீட்டுக்கடியில் ஒரு நீளமான பேரீச்சை ஈர்க்கு வைத்திருப்பார். டேங்கின் மூடியைத் திறந்து, ஈர்க்கை உள்ளே விட்டு, எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்ப்பார். அன்றைக்குப் பாதிக்கு மேல் நனைந்திருந்தது. மூடியை மூடினார். பானெட்டைத் தூக்கினார். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார், ஊதினார், மாட்டினார். வண்டி உடனே கிளம்பிவிட்டது.

"பிளக்கு" என்றார். "கரி பிடிச்சிருந்துச்சு."

சரி என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அதே மரத்தடியில் அதே இருமல்.

அப்போது ஒரு பட்டாணிக்காரர், பாகிஸ்தான் பக்கத்து ஆள், தண்ணி டேங்கர் ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் வருவார். பெரிய உடம்பு, மருதாணி போட்ட தாடி. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். அவரும் முதலில் கேட்டது பெட்ரோலைத்தான். மூடியைத் திறந்து ஈர்க்கை விட்டுப் பார்த்தார்கள். இருந்தது. மூடினார்கள். பட்டாணிக்காரர் ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்து எஞ்சின் பக்கத்தில் இருக்கிற பெட்ரோல் பம்பின் மேல் போட்டார்.

"கர்மி, பாபி" என்றார் என்னைப் பார்த்து. சூடு, அண்ணி என்று அர்த்தம். "சூட்டிலே பெட்ரோல் ஆவியாப் போகுது. பம்பு காத்தைக் குடிக்குது." இதை அவர் இந்தியில் சொல்ல, இவர் எனக்குத் தமிழில் சொன்னார்.

வண்டி கிளம்பியது. பட்டாணிக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து என் காலடியில் ரசப் பாத்திரத்தோடு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சாக்கும் சேர்ந்துகொண்டன. கால் வைக்க இடமில்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து போனேன்.

சாக்கு ஈரமாகவே இருந்தது. வண்டி மறுபடியும் நின்றது.

கடைத்தெரு ஓரத்தில் ஒரு மலையாளி ஒர்க் ஷாப் வைத்திருந்தார். மெலிந்த ஆள், நல்ல கைராசிக்காரர் என்று பேர். வண்டியை அங்கே விட்டோம். அவரும் மூடியைத் திறந்து பெட்ரோலை மோந்து பார்த்து, மண்ணெண்ணெய் கலப்பில்லை என்று சொல்லி மூடினார். கடைத்தெருவைச் சுற்றி இரண்டு சுற்று ஓட்டினார். வண்டி குதிரை மாதிரி ஓடியது.

"சேச்சீ, வண்டிக்கு ஒரு கொழப்பமும் இல்லா" என்றார்.

"மரத்துக்கிட்ட போனாத்தான் நிக்குது" என்றார் இவர்.

"அப்ப மரத்தை ரிப்பேர் பண்ணணும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலையில் வடித்த சோறு வண்டியிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. பிளக்குக்குப் பொறி விடுகிற பாயின்ட் தேய்ந்துவிட்டது என்று பாயின்டை மாற்றினார்கள். நின்றது. கார்புரேட்டரில் மண் இருக்கிறது என்று அக்கக்காகக் கழற்றி என் மாவுச் சல்லடையில் வைத்துப் பெட்ரோலில் கழுவினார்கள். அதற்கப்புறம் அந்தச் சல்லடையில் சலித்த மாவெல்லாம் பங்க் வாசனை அடித்தது. வண்டியும் நின்றது. கரன்ட் கொடுக்கிற காயில் சூடாகிறது என்றார்கள். பில்டர் அடைப்பு என்றார்கள். பாரம் அதிகம், அண்டாவைச் சின்னதாக்கு என்று எனக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அதற்கு அவர்கள் காட்டின காரணம், திரும்பி வரும்போது வண்டி நிற்பதில்லையாம். திரும்பும்போது அண்டா காலி, வழியெல்லாம் இறக்கம். நாற்பது பேருக்குச் சோறு கொண்டுபோகிற வண்டி காலி அண்டாவோடு மட்டும்தான் ஓடும் என்றால் அந்த வண்டி எதற்கு?

இதில் எனக்கு வந்த எரிச்சலுக்குக் காரணம் வண்டி நிற்பது மட்டும் இல்லை. யார் என்ன செய்தாலும் அது கிளம்பிவிடும். அதுதான். பிளக்கைத் துடைத்தால் கிளம்பும். சாக்கைப் போட்டால் கிளம்பும். ஒரு நாள் இவர் ஈர்க்கை விட்டுப் பார்த்துவிட்டுக் கோபத்தில் முன் சக்கரத்தை எட்டி உதைத்தார், அதற்கும் கிளம்பியது. அதனால் ஆளாளுக்குத் தான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. பட்டாணிக்காரர் சூடு என்று சத்தியம் பண்ணினார். குளிர்காலம் தொடங்கி நான் காலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அடுப்பு மூட்டுகிறபோதுகூட அவர் சூடு என்றுதான் சொன்னார். மலையாளி பாயின்ட் என்றார். இவர் பிளக் என்றார். ஒருத்தராவது "தெரியலை" என்று சொல்லியிருந்தால் அந்த ஆளுக்கு நான் இரண்டு அப்பளம் கூடப் போட்டிருப்பேன்.

கேம்பில் வேறு தினமும் அர்ச்சனை. அங்கே டைம்கீப்பர் ஒருவர், மதுரைப் பக்கத்து ஆள். ஆட்களின் நேரத்தைக் குறிக்கிற வேலை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம்தான். வண்டி வந்து சேரும்போது பாதி நேரம் போயிருக்கும்.

"வாங்கண்ணே" என்பார். "மரத்தடியில நல்ல தூக்கமா?"

"வண்டி நின்னு போச்சுப்பா."

"வண்டி நிக்கலாம்ணே. எங்க வயிறு நிக்க மாட்டேங்குதே."

வரிசையில் நிற்கிற ஆட்களும் விடமாட்டார்கள். "அக்கா, நாளைக்கு அந்த மரத்தடியிலயே எலை போட்டிருங்க, நாங்க நடந்து வந்து சாப்பிட்டுக்கிறோம்." "நடந்து வந்தா ராத்திரி சாப்பாடுதாண்டா." நான் தலையைக் குனிந்துகொண்டு சோற்றை அள்ளிப் போடுவேன். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வெயிலில் கல் உடைத்துவிட்டு வந்தவர்கள். ஆறிப்போன சோற்றைக் கட்டி உடைத்துப் போடுகிறபோது எனக்கே கை கூசும்.

இவருக்குக் கடைசியில் ஒரு யோசனை வந்தது. வண்டிக்குத் திருஷ்டி என்றார்.

அதற்கு முன்னால் இதைச் சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். ஆயுத பூசை அன்று இவர் வண்டியைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பானெட்டில், ஸ்டீயரிங்கில், நாலு சக்கரத்தில், அப்புறம் பெட்ரோல் டேங்க் மூடியில். மூடியில் எதற்கு என்று கேட்டேன். "அதுதானே வண்டிக்கு வாய்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பூசைக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே மாதிரி வைக்கப் பழகிவிட்டார். வெள்ளி அங்கே லீவு நாள், கேம்புக்குச் சாப்பாடு கிடையாது. ஆனால் வெறும் சந்தனம் ஒரு நாள் காற்றில் காய்ந்து உதிர்ந்துவிடும். அந்த ஊர்க் காற்று அப்படி. அதனால் என் வடிகஞ்சியை ஒரு டம்ளர் கேட்டு வாங்கி, அதில் சந்தனப் பொடியைக் குழைத்து வைப்பார். காய்ந்தால் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். வண்டி நிற்க ஆரம்பித்ததும் பொட்டு பெரிதாகிக்கொண்டே போனது. காலணா அளவு இருந்தது ஒரு ரூபாய் அளவாகியது. பழைய பொட்டைச் சுரண்டுவதும் கிடையாது. சாமி காரியம், சுரண்டக்கூடாது. அதன் மேலேயே அடுத்தது. முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் வேறு கட்டித் தொங்கவிட்டார். எலுமிச்சம்பழம் அங்கே விற்கிற விலைக்கு நான் அதை ரசத்தில் பிழிந்திருப்பேன்.

நான் ஒன்று கவனித்திருந்தேன். மரத்தடியில் இவர் மூடியைத் திருகும்போது ஒரு சத்தம் வரும். "உஸ்" என்று. ஒருநாள் சொன்னேன்.

"இந்தாங்க, அந்த மூடியத் தொறக்கயில பெருமூச்சு விடுற மாதிரி சத்தம் வருது."

"ஆமா. உன் கூடவே வந்து வந்து அதுவும் விடப் பழகிருச்சு. ரசத்தப் பிடி, சாயுது."

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

கம்பெனியில் இருந்து அர்பாபுக்குப் புகார் போனது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அர்பாப் எங்கள் ரூம் வாசலுக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். அவருக்குக் கொஞ்சம் இந்தி வரும். வாசலுக்கு வெளியே நின்றே இவரிடம் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கம்பெனி வேறு ஆளைப் பார்த்துவிட்டது, இன்னும் ஒரு தடவை சாப்பாடு தாமதமானால் கலாஸ், அதோடு முடிந்தது என்றார். சனிக்கிழமை நானே வண்டியில் வருகிறேன், என் கண்ணால் பார்க்கிறேன் என்றார். போகும்போது திரும்பி, "சாப்பாடு மாஃபி, மேடம் இந்தியா" என்றார். சாப்பாடு இல்லையென்றால் மேடம் இந்தியாவுக்கு. அதை இவர் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க ஒர்க் ஷாப்பில். புதிதாகப் பெட்ரோல் பம்பே போட்டார்கள். மலையாளி, "சேச்சி தைரியமா இருக்கணும், இனி நிக்காது" என்றார். சாயங்காலம் இவர் குளித்துவிட்டு வந்து, கஞ்சியில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, முன் எப்போதும் இல்லாத அளவுக்கு ஒரு பொட்டு வைத்தார். மூடியில் பாதி மறைந்துவிட்டது. நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

சனிக்கிழமை அர்பாப் வெள்ளைத் துணி உடுத்தி அத்தர் வாசனையோடு வந்தார். பங்க்கில் தானே இறங்கி நின்று டேங்க்கை வாய்வரைக்கும் ரொப்பச் சொன்னார். பெட்ரோல் இல்லை என்ற சாக்கு வேண்டாம் என்று நினைத்திருப்பார். முன்னால் அவர் உட்கார்ந்ததால் நான் பின்னால் ஏறினேன். அண்டாவுக்கும் பக்கச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு பலகையில் உட்கார்ந்து, முக்காடு போட்டுக்கொண்டு, ரசப் பாத்திரத்தை மடியில் அணைத்துக்கொண்டேன். கையை வெளியே நீட்டினால் எட்டுகிற இடத்தில் பெட்ரோல் மூடி இருந்தது. சிவப்பும் மஞ்சளுமாக என்னைப் பார்த்துக்கொண்டே வந்தது.

அன்று வண்டி முள்மரம் வரைக்கும்கூடப் போகவில்லை. ஜல்லிப்பாதை தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே இருமியது. இழுத்தது. நின்றுவிட்டது.

இவர் இறங்கி ஓடினார். பானெட்டைத் தூக்கினார். பிளக்கைத் துடைத்தார். கிளம்பவில்லை. சாக்கை நனைத்துப் போட்டார். கிளம்பவில்லை. பாயின்டைத் தேய்த்தார். சாவியைத் திருகினால் வண்டி கர்ர் கர்ர் என்று கத்தியதே தவிர பிடிக்கவில்லை. இத்தனை நாளாக எதைச் செய்தாலும் கிளம்பிக்கொண்டிருந்த வண்டி, அன்றைக்கு எதைச் செய்தும் கிளம்பவில்லை. சக்கரத்தை உதைப்பது மட்டும்தான் பாக்கி. அர்பாப் இருந்ததால் உதைக்கவில்லை.

அர்பாப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. அப்புறம் பார்ப்பதை நிறுத்திவிட்டு, "கலாஸ்" என்று மெதுவாகச் சொன்னார்.

நான் பின்னால் வெயிலில் உட்கார்ந்து யோசித்தேன். யோசித்தேன் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தினமும் செய்கிறதில் இன்றைக்கு என்ன செய்யவில்லை என்று பார்த்தேன். அப்பளம் பொரித்தோமா, உப்புப் போட்டோமா என்று நினைத்துப் பார்ப்பேன் இல்லையா, அந்த மாதிரி. பிளக் ஆயிற்று, சாக்கு ஆயிற்று, பாயின்ட் ஆயிற்று. ஈர்க்கு மட்டும் விடவில்லை. பெட்ரோல் ரொப்பினதை அர்பாப் பார்த்துவிட்டாரே, எதற்கு விடுவார்கள்?

"இந்தாங்க" என்றேன். "மூடியத் தொறந்து பாருங்க."

"கண்ணு முன்னால ரொப்பினது. சும்மா இரு."

"ஒருதடவை தொறங்களேன்."

"உன்னச் சும்மா இருன்னேன்ல."

அந்த ஒரு நேரம் எனக்குக் கூச்சம் போய்விட்டது. இவர் மேல் கோபம், மலையாளி மேல் கோபம், பட்டாணிக்காரர் மேல் கோபம், வண்டி மேல் கோபம். ரசத்தைக் கீழே வைத்துவிட்டு, பக்கச் சட்டத்தின் மேல் குப்புறச் சாய்ந்து, இரண்டு கையாலும் அந்த மூடியைப் பிடித்துத் திருகினேன். இறுகிக் கிடந்தது. வளையல் ஒன்று உடைந்தது. கடைசியில் திரும்பியபோது "உஸ்ஸ்" என்று ஒரு நீளச் சத்தம். பலூனில் காற்று போவது மாதிரி இல்லை, காற்றை உள்ளே உறிஞ்சுகிற மாதிரி. அர்பாப்கூடத் தலையைத் திருப்பினார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன்.

இரண்டாவது தடவை திருகியபோது பிடித்துக்கொண்டது.

"பாத்தியா" என்றார் இவர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. "பாயின்ட்டுதான். இப்பத் தேய்ச்சேன்ல."

நான் மூடியைத் திரும்ப மாட்டவில்லை. அதன் உள்பக்கத்தைப் பார்த்தேன். நடுவில் சின்னதாக ஒரு துளை, ஊசி நுழைகிற அளவு. வெளிப்பக்கத்தில் அந்தத் துளை இருக்க வேண்டிய இடத்தில்தான் பொட்டு. விரலால் தட்டிப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது.

டீ போட டின் பால் உடைக்கிற எல்லாருக்கும் இது தெரியும். டின்னில் ஒரு ஓட்டை போட்டால் பால் சொட்டுச் சொட்டாக வந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் காற்று உள்ளே போய்ப் பால் கொட்டும். அன்று காலையில்கூட அப்படித்தான் குத்தியிருந்தேன். அந்த ஊரில் டின் பாலைக் குத்தாத ஆள் கிடையாது. மலையாளி ஒர்க் ஷாப்பில் எத்தனை டின் கிடக்கும்.

வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினேன். பொட்டைக் குத்திச் சுரண்ட ஆரம்பித்தேன்.

இவர் பதறிப்போனார். "ஏய், என்ன பண்ற? சாமிப் பொட்டு. வேலைக்குக் கெளம்புற நேரத்துல சுரண்டுறியே."

"இதுதாங்க அடைச்சிருக்கு. டின்னுல ஒத்த ஓட்ட போட்டா பால் வருமா?"

அர்பாப் இறங்கி வந்து என் கையில் இருந்ததைப் பார்த்தார். "யே க்யா?" என்றார்.

"பூஜா, அர்பாப்" என்றார் இவர்.

நான் மூடியைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தேன். துளை வழியாக ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது. அர்பாப் வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவரும் பார்த்தார். இவர் டின் பால் கணக்கை இந்தியில் சொன்னார். அர்பாபே மூடியைக் கொண்டுபோய் மாட்டினார். விரலில் ஒட்டிய குங்குமத்தை வெள்ளைத் துணியில் துடைக்கப் போய், நிறுத்தி, டயரில் துடைத்தார்.

முள்மரம் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வண்டி நிற்காமல் தாண்டி ஏற்றத்தில் ஏறியது. இத்தனை நாள் அங்கே நின்று நின்று, மரத்தை ஓடுகிற வண்டியிலிருந்து பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது.

கேம்புக்கு அன்றும் தாமதம்தான். டைம்கீப்பர் வாயெடுத்தார். "வாங்கண்ணே, இன்னைக்கு மரத்தடியில..." முன் கதவைத் திறந்து அர்பாப் இறங்கியதும் மிச்சத்தை விழுங்கிவிட்டார். அர்பாப் அங்கேயே இருந்த இன்ஜினியரிடம் போய் வெகு நேரம் அரபியில் பேசினார். நான் சோற்றைப் போட்டுக்கொண்டே அவர் கையைப் பார்த்தேன். விரலால் ஒரு டின்னைக் குத்துகிற மாதிரி காட்டிக்கொண்டிருந்தார். இன்ஜினியர் சிரித்தார்.

திரும்பும்போது அர்பாப் என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நேராக என்னைப் பார்க்காமல், அண்டாவைப் பார்த்துச் சொன்னார். "மேடம் மாஃபி இந்தியா."

அதற்குப் பிறகு வண்டி அந்தக் கோளாறால் நிற்கவில்லை. ஆனால் எரிச்சல் தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மலையாளி, "பெட்ரோல் வரவிலதான் கொழப்பம்னு நான் அன்னிக்கே பறஞ்ஞதல்லே" என்றார். எந்த அன்றைக்கு என்று தெரியவில்லை. பட்டாணிக்காரர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "எதுக்கும் சாக்கு இருக்கட்டும்" என்றார். என் வீட்டுக்காரர் வெளியாட்கள் கேட்டால், மூடியில் "தூசி" அடைத்திருந்தது என்று சொன்னார். சந்தனம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிள்ளைகளிடமும் தூசி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். அதைக் கண்டுபிடித்ததும் அவரே என்று.

அடுத்த வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பானெட்டில் வைத்தார், சக்கரத்தில் வைத்தார். டேங்க் பக்கம் வந்ததும் நான் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

"எல்லாத்துக்கும் வச்சிட்டு இதுக்கு மட்டும் வைக்காட்டிக் குத்தமாயிராதா?" என்றார்.

"பானெட்டுல இருக்க சாமியே இங்கயும் பாத்துக்கும். நீங்க போயி சாப்பிடுங்க."

கொஞ்ச நேரம் விரலில் சந்தனத்தோடு நின்றார். அப்புறம் அதை என் நெற்றியில் வைத்துவிட்டுப் போனார். ரோடு வேலை முடிகிறவரைக்கும் நான் சோஹாரில் இருந்தேன். மூத்தவன் அங்கேதான் வயிற்றில் தங்கினான்.

இதை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால், வண்டி வேலை தெரிந்தவர் யாராவது ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுங்கள். டேங்க் வாய்வரைக்கும் ரொப்பினால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்று பிறகு யாரோ எனக்குச் சொன்னார்கள். அது சரியா என்று கேட்டுச் சொல்லுங்கள். பம்பை முதலில் மாற்றினார்களா பில்டரையா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. கேம்பில் சாப்பிட்டவர்கள் நாற்பது பேருக்கு மேலும் இருக்கலாம். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சந்தனம் என்று எழுதியிருக்கிற இடத்தில் மட்டும் தூசி என்று மாற்றிவிட வேண்டாம்.